முகமும் அகமும்

அழகிய முகம் நம்மில் விருப்பத்தை மட்டுமன்று, பொறாமையையும் எழுப்பும். ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் தொடரில் வரும் செட்ரிக் டிகரி பேரழகன், ஆயினும் துணைப்பாத்திரமே. நாயகனின் போட்டியாளன் என்பதால் முதலில் நம் மனம் அவனிடம் ஒட்டுவதில்லை.

1999இல் வெளிவந்த மூன்றாம் நூலில், ஹாரி வீழ்ந்ததை அறியாமல் ஆட்டத்தை வென்றவன், அறிந்ததும் மறு ஆட்டம் கேட்கிறான். 2000இல் வந்த நான்காம் நூலிலோ, கைக்கெட்டிய வெற்றிக்கிண்ணத்தைத் தன்னைக் காத்த ஹாரிக்கே விட்டுக்கொடுக்க முன்வருகிறான். இருவரும் சேர்ந்தே அதைத் தொடுகின்றனர், செட்ரிக் கொல்லப்படுகிறான்.

அப்போது நாம் கலங்குவது அந்த முகத்திற்காக அன்று, அந்த நேர்மைக்காக. முகத்தைக் காண ஒரு நொடி போதுமாயிருந்தது. அகத்தைக் காண இரண்டு நூல்கள் தேவைப்பட்டன. நம் அருகில் வாழ்வோருக்கு அத்துணைப் பொறுமையை நாம் அளிக்கின்றோமா?