தானமா, கடனா?

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கே டி. கல்லுப்பட்டி என்னும் பேரூர் உள்ளது. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1960 சனவரி 30இல் மறைந்தார். நிலம் முதற்கண் தன்னைச் சூழ்ந்து வாழ்வோர் உணவுக்கே விளைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஓர் இலட்சம் மக்களுக்கு நிறைவான உணவு கிடைக்க எந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று கணக்கிட்டும் காட்டினார். அவர் மறைந்து ஆறாண்டுகள் ஆவதற்குள் நம் நாடு அயலார் கப்பலை எதிர்நோக்கி நின்றது.

1964-65இல் ஏறத்தாழ 890 இலட்சம் டன்னாக இருந்த உணவுதானிய விளைச்சல், மழை பொய்த்த 1965-66இல் 720 இலட்சம் டன்னாகச் சரிந்தது. 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அது உயிர் காத்தது என்பதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் அஃது அவர்தம் களஞ்சியத்தில் தேங்கிய மிகுதி. பெரும்பாலும் ரூபாய்க்கு விற்கப்பட்டது. வியட்நாம் போரை இந்தியா குறைகூறிய நாள்களில் அதிபர் ஜான்சன் கப்பல்களைத் தாமதப்படுத்தினார். வாயருகே கொணர்ந்த கவளத்தை நிறுத்திப் பேசும் கை, ஈயும் கையாகுமா?

கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்போன், கொள்வோன் என்னும் நான்கினால் தானத்தின் சிறப்பு வேறுபடும் என்பது தத்துவார்த்த சூத்திரம். நாமோ பொருளை அளப்பதோடு நின்றுவிடுகிறோம். பந்தியில் எத்தனை பேர் உண்டனர் என்பதே நம் விழாக் கணக்கு!

2021இல் இலங்கை அரசு இரசாயன உரங்களின் இறக்குமதியை ஒரே ஆணையால் தடுத்தது. மண்ணுயிரை ஓம்பும் நோக்கம் நமக்கு உவப்பானதே. எனினும் அணுவிரதமும் பயிலாத இல்லறத்தார்மேல் மகாவிரதத்தைச் சுமத்தியது போலாயிற்று. நவம்பரில் தடை தளர்ந்தது. ஆனால் அப்பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அந்நியச் செலாவணியும் வற்றியிருந்தமையால் வாங்கி உண்ணவும் வழியில்லை.

2022இல் தமிழ்நாடு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் ஈய முன்வந்தது. மே 18இல் முதற்கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. ஈழத் தமிழர்க்கும் மலையகத் தமிழர்க்கும் அனுப்பவே முதலில் எண்ணினர். எங்களுக்கு மட்டும் வேண்டா, எல்லார்க்கும் கொடுங்கள் என்று அத்தமிழர்களே வேண்டினர். கொள்வோர் கொடுப்போரைத் திருத்திய அரிய நிகழ்ச்சி இது.

அதே ஆண்டு சூலையில் இந்திய அரசின் கடனுதவியில் 44,000 டன் யூரியாவும் அங்கே சேர்ந்தது. அரிசி கொடை, யூரியா கடன். ஏட்டுக் கணக்கில் அரிசியே உயர்ந்தது. ஆனால் அரிசி உலையில் முடிந்துவிடும். அடுத்த அறுவடைக்குக் கைகொடுப்பது உரம். குமரப்பா இருந்திருந்தால் யூரியா என்றதும் முகம் சுளித்திருப்பார். நமக்கும் அத்தயக்கம் உண்டு. இருந்தும், மறு ஆண்டும் கையேந்தாதிருக்கச் செய்யும் உதவியைத் தாழ்ந்ததென்று சொல்ல நாம் துணியோம்.

நம் குடும்பங்களிற் பல உழவுக் குடிகளே. விதைநெல்லைக் கடனென்று அளந்து கொடுத்து, விளையாத ஆண்டில் திருப்பிக் கேளாதிருந்த மூத்தோரை நம்மிற் சிலரேனும் அறிவர். அந்நெல் தானமா, கடனா என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை.