வளர்ப்பு முயலின் கருவும் வளர்ப்போர் கடனும்

ஓர் உயிர் பிறக்கலாமா, பிறக்கலாகாதா என்று தீர்மானிக்கும் உரிமை, அதனைத் தன் வயிற்றிற் சுமவாத ஒருவருக்கு எங்கிருந்து வருகின்றது? அறவியல் நூல்கள் இவ்வினாவைப் பெரும்பாலும் மனிதப் பிறப்பை வைத்தே ஆராய்ந்துள்ளன. மலையகத் தோட்டமொன்றின் லயத்துக் கோடியில், மரப்பெட்டிக்குட் கிடக்கும் இரண்டு முயல்களை வைத்தும் அதனை ஆராயலாம். பொருள் மிகச் சிறிது என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் மனிதர் விடயத்திற் சமயமும் சட்டமும் குடும்ப மானமும் குறுக்கிட்டு மறைத்துவிடும் சில உண்மைகள், முயற்பெட்டியின் முன்னே மறைப்பின்றித் தெரிகின்றன.

நிலைமை பின்வருமாறு எனக் கொள்க. ஹற்றனை அண்டிய தோட்டமொன்றில் ஒரு குடும்பம் இரண்டு முயற்குட்டிகளை, இரண்டும் பெண் என்ற வாக்கை நம்பி வாங்கி வருகின்றது. இளங்குட்டிகளின் பாலை அறிவது பழகிய கண்ணுக்கே அரிது. விற்றவர் பொய் சொன்னார் என்று கொள்ளவேண்டியதில்லை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்க்கும் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் முயல்களை நாள் முழுதும் பார்த்திருக்க நேரமில்லை. நான்கைந்து மாதங்கள் கழிகின்றன. ஒருநாள் மாலை, ஒன்று மற்றொன்றின்மேல் ஏறியிருப்பதைச் சிறுவன் காண்கின்றான். கணப்பொழுதில் முடிந்துவிடுகின்ற காரியம் அது. இப்பொழுது அக்குடும்பம் என்ன செய்தல் வேண்டும்?

முதலிற் கவனிக்கத்தக்கது, இங்கே கரு உண்டு என்பதே உறுதியில்லை என்பதாகும். முயலின் உடலமைப்பு இவ்விடயத்தில் விந்தையானது. ஏனைய பல விலங்குகளிற் சூல் தன் காலத்தில் தானே வெளிப்படும். முயலிலோ புணர்ச்சியே அதனைத் தூண்டுகின்றது. புணர்ந்து ஏறக்குறைய பத்து மணித்தியாலத்திற் சூல் வெளிப்படுவதால், ஒருமுறை சேர்ந்தாலே சினைப்படும் வாய்ப்பு மிகுதி. ஆனால் சேர்ந்தும் சினைப்படாதபோது பொய்ச்சினை என்னும் நிலை தோன்றுவதுண்டு. இரண்டு பெண் முயல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலுங்கூட அது வரலாம். அப்போது முயல் தன் மார்பு மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டும், முலை சுரக்கும், குட்டி மட்டும் பிறவாது. பொய்ச்சினை பதினாறு, பதினெட்டு நாட்களில் தீர்ந்துவிடும். மெய்ச்சினைக்கு முப்பத்தொரு நாள் அளவாகும். இரண்டாம் வாரத்தின் முடிவில் தேர்ந்த மிருக வைத்தியர் வயிற்றை மெல்லத் தடவிக் கருவை அறியலாம். தேராத கை அழுத்தினால் தாய்க்கும் கருவுக்கும் கேடு.

ஆகவே ஏறத்தாழ இரண்டு வாரம் அக்குடும்பம் அறியாமையில் இருத்தல் வேண்டும். இந்த அறியாமைதான் அறவியலுக்குக் கடினமான பகுதி. உறுதியாகத் தெரிந்த பின் முடிவு செய்வோம் என்பது விவேகம்போற் தோன்றும். ஆனால் காலம் நின்று காத்திருப்பதில்லை. தொடக்கத்தில் ஒரு சத்திரசிகிச்சையால் முடியக்கூடியது, நாட்செல்லச் செல்ல இரத்தப் பெருக்கினாலும் மயக்க மருந்தினாலும் தாய்க்கு ஆபத்தாகின்றது. மூன்று வாரம் பொறுத்திருந்தவர், தாம் ஒன்றும் முடிவு செய்யவில்லை என்று சொல்ல இயலாது. அவர் பிறப்பையே தேர்ந்துவிட்டார். தேர்ந்ததை அறியாதிருக்கிறார், அவ்வளவே. வாளாவிருத்தலும் ஒரு செயலே என்பதைத் தத்துவ வகுப்பிற் பல பக்கங்களில் நிறுவ முயல்வார்கள். இங்கே நாட்காட்டி ஒன்று போதும்.

எல்லாம் இயற்கை, இயற்கையின் வழியில் மனிதன் கைவைக்கலாகாது என்பது மறுதரப்பு வாதம். எளிய மக்களிடமும் கற்றவரிடமும் ஒருங்கே செல்வாக்குப் பெற்ற வாதம் இது. ஆதலால் விரிவாக நோக்கத்தக்கது. வீட்டு முயலின் முன்னோர் ஐபீரியத் தீபகற்பத்துக் காட்டு முயல்கள். அவை நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாய் வாழ்ந்தன. வளையில் வாழும் பெண் முயல், நெருங்கும் ஆணை உதைத்து விரட்டலாம், ஓடலாம், வேறொரு வாயிலால் வெளியேறலாம். மூன்றடிப் பெட்டியில் அவற்றில் ஒன்றேனும் இயலுமா? ஈன்ற சில மணித்தியாலத்திலேயே மறுபடியும் சினைப்படக்கூடிய உடல் அதனுடையது. ஆணை உடன் வைத்திருந்தால், பாலூட்டிக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்க நேரும். பெட்டியைச் செய்தவன் மனிதன். இரண்டையும் அதனுள் அடைத்தவனும் அவனே. தப்பும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, எஞ்சியதற்கு இயற்கை எனப் பெயரிடுதல் பொருந்தாது.

இயற்கையும் எப்பொழுதும் பிறப்பின் பக்கம் நிற்பதில்லை. உணவு குன்றியபோதும் அச்சம் மிகுந்தபோதும் பெண் முயலின் உடல் வளரும் கருவைத் தன்னுள்ளேயே கரைத்து உட்கொண்டுவிடுவதுண்டு. முயலே அவ்வாறு செய்வதால் மனிதனும் செய்யலாம் என்று இதிலிருந்து முடிவுகட்டலாகாது. ஒவ்வொரு கருவும் பிறந்தே தீரவேண்டும் என்பது இயற்கையின் ஆணை என்னும் கூற்று நிற்காது என்பதற்கே இச்சான்று.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். பால் தெரியாமல் வாங்கியது பழிக்குரிய குற்றமன்று. குற்றமில்லை என்றால் பொறுப்பும் இல்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். தெருவிற் கண்டெடுத்த குழந்தையை ஏந்தியவன் அது அங்கே கிடந்ததற்குக் காரணனல்லன்; ஆயினும் ஏந்திய பின் அதனை மீண்டும் தரையில் வைத்துவிட்டுப் போகமுடியாது. அறியாமை பழியைக் கழுவும், கடனைக் கழுவாது.

கடன் யாருக்கு என்பது அடுத்த வினா. பிறவாத குட்டிகளுக்கா, பெட்டியிலிருக்கும் தாய்க்கா? ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில், விலங்கின் பகுத்தறிவையோ பேச்சையோ அளவுகோலாக்காது அது துன்புறக்கூடுமா என்பதையே வினாவாக்கினார். 1975இல் பீற்றர் சிங்கர் அவ்வழியைப் புதுப்பித்தார். அவ்வளவுகோலின்படி, முதல் நாட்களின் கருவுக்குத் துன்பம் உணரும் உறுப்பே அமையவில்லை. தாய்க்கோ அச்சமும் வலியும் உண்டு. ஆகவே தராசு தாயின் பக்கம் தாழும். கீழைத்தேய மரபு இத்துணை எளிதாக இசையாது. பௌத்த விநயம், மனித உயிர் தாய் வயிற்றில் முதல் உணர்வு தோன்றும் பொழுதே தொடங்குவதாகக் கொள்ளும். சைவமும் உடலெடுத்தலை உயிரின் வினைப்பயனோடு இணைத்து நோக்கும். வள்ளுவர் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர். இம்மரபில் வளர்ந்த ஒருவர், கருவை நீக்கலாம் என்றவுடன் திடுக்கிடுவது மூடநம்பிக்கை அன்று. உயிரைச் சிறிதென்று எண்ணாத பழக்கத்தின் விளைவு அது. ஆனால் அதே பழக்கம் கூட்டிலிருக்கும் தாயையும் கண்கொண்டு பார்க்கவேண்டும் அல்லவா? ஒரே ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் பிறக்கலாம். மயிரின்றிக் கண்திறவாது பிறக்கும் அவற்றை நுவரெலியாக் குளிர் எளிதிற் கொன்றுவிடும். அஞ்சிய தாய் குட்டிகளைக் கைவிடுவதும் உண்டு. கொல்லாமை என்பது கத்தியை எடாதிருத்தல் மட்டுமாயின், இம்மரணங்களுக்கு அது விடையிறுக்காது.

சந்திரனில் முயல் இருக்கும் கதையை இலங்கையிற் கேளாதவர் சிலரே. பசித்து வந்த இரவலனுக்கு ஈய ஏதுமின்றி, முயல் தன் உடலையே தீயில் இட்டது. சக்கன் அதன் வடிவத்தை நிலவிற் பொறித்தான் என்பது சச ஜாதகம். அக்கதையின் பெருமை முழுவதும் முயல் தானே விரும்பிக் கொடுத்தது என்பதிலேயே தங்கியிருக்கின்றது. பெட்டி முயலுக்கு அவ்வாறு விரும்பவோ மறுக்கவோ வழியில்லை. பிறர் அதற்காக விரும்புகின்றனர். இதுதான் இச்சிக்கலின் உயிர்நிலை.

மலையகத்தில் இதனைப் பேசும்போது வேறொரு நினைவு குறுக்கிடாமற் போகாது. 1980ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கை அரசு நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பண ஊக்குவிப்பு வழங்கியது. தோட்டத்துப் பெண்களிடையே அச்சிகிச்சை நாட்டின் ஏனைய பகுதிகளைவிட மிகுந்திருந்ததை மக்கட்டொகை ஆய்வுகள் காட்டின. அப்பெண்களுட் பலர் தாமே விரும்பி ஏற்றனர் என்பதும் உண்மையாகலாம். ஆயினும் வறுமையிலிருப்பவள் முன் பணத்தை வைத்துவிட்டுப் பெற்ற சம்மதம் எவ்வளவு சம்மதம் என்ற கேள்வி ஆய்வாளரால் எழுப்பப்பட்டது. அது இன்னும் ஓயவில்லை. உன் நன்மைக்கே என்ற சொல், அதனைக் கேட்ட சமூகத்தின் செவியில் வேறுவிதமாக ஒலிக்கும். எனவே முயலின் நன்மைக்கே என்று ஒருவர் சொல்லும்போது ஒரு தோட்டத்துத் தாய் சற்றே தயங்குவாளாயின், அத்தயக்கம் மதிக்கத்தக்கது.

ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் பெருந்தவறு. அப்பெண்ணைக் கேட்டிருக்கலாம், அவளுக்கு மொழியும் விருப்பும் உண்டு, கேட்க முடிந்தவளிடம் சரிவரக் கேளாமையே அங்கே அநீதி. முயலிடம் கேட்க இயலாது. கேட்க இயலாத இடத்தில் யாரோ ஒருவர் அதற்காக முடிவு செய்தே ஆகவேண்டும். அம்முடிவு வளர்ப்பவரின் வசதிக்காக அன்றி வளர்க்கப்படும் உயிரின் நிலையை நோக்கிச் செய்யப்படுகின்றதா என்பதே சோதனை. பராயமடையாத பிள்ளையின் சொத்தைப் பாதுகாப்பவர் அதனைத் தம் சொத்தாக நடத்தினால் சட்டம் குற்றமென்னும். விலங்கு விடயத்திற் சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. 1907ஆம் ஆண்டின் விலங்குக் கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் கொடுமையைத் தண்டிக்கின்றது. நல்ல பாதுகாவலனாய் இருக்குமாறு கற்பிப்பது அதன் வேலையன்று.

இச்சோதனையைக் கையிற்கொண்டு வழிகளை நோக்கலாம். முயல்களைத் தேயிலை மலையில் விட்டுவிடுவது சிலருக்கு விடுதலையாகத் தோன்றும். பெட்டியில் வளர்ந்த முயலுக்கு அது நாயிடமோ நரியிடமோ ஒப்படைத்தலாகும். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளிற் சிறுத்தையும் உலவுகின்றது. இலங்கைக் காட்டு முயல் வேறோர் இனம். வளை தோண்டாது, மயிரும் திறந்த கண்ணுமாய்க் குட்டி ஈனும். வீட்டு முயலுக்கு அங்கே உறவில்லை. அவை தப்பிப் பிழைத்தால் அதுவும் நன்றன்று. 1859இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தோமஸ் ஒஸ்டின் வேட்டைக்காக இறக்கிவிட்ட சில முயல்கள் பெருகி நாட்டையே மேய்ந்தன. 1950இல் அவற்றை ஒழிக்க ஒரு நோய்க்கிருமியைப் பரப்பவேண்டி வந்தது. குட்டிகளை வளர்த்துக் கறிக்கு எடுப்பது இன்னொரு வழி. ஞாயிறுதோறும் கோழி தின்னும் வீடு இதனைக் கேட்டுக் கூசுவது முரணே. எனினும் பெயரிட்டு, மடியில் வைத்துப் பழக்கிய உயிருக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கப்பட்டுவிட்டது. அவ்வாக்குறுதியை அதன் பிள்ளைகளின் மேல் முறிப்பது அச்சிறுவனுக்கு எதைக் கற்பிக்கும் என்று பெற்றோர் எண்ணிப்பார்க்கலாம்.

எஞ்சுவன இரண்டு. நாட்கள் அதிகம் செல்லாதிருந்து, முயலுக்குச் சத்திரசிகிச்சை செய்யப் பழகிய வைத்தியரும் கிடைப்பாராயின், கருப்பையை அகற்றுதல் நியாயமே. கரு இருந்ததா என்ற ஐயமும் அத்துடன் பொருளற்றதாகும். அகற்றப்படாத பெண் முயல்களிற் பல, வயது சென்றபின் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாவதால் தாய்க்கும் அது நன்மை. ஆனால் நியாயமானது எல்லோருக்கும் எட்டுவதன்று. பேராதனை மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு ஹற்றனிலிருந்து முயலைக் கொண்டுபோவதாயின் ஒருநாள் வேலை போகும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை நினைந்தால், அந்த ஒருநாளின் பாரம் விளங்கும். எட்டாத கடமையைக் கடமை என்று சொல்லி ஏழையைக் குற்றவாளியாக்குவது அறவியலின் வேலையாகாது. அவ்வீட்டுக்கு எஞ்சுவது பிறக்க விடுதலும், பிறப்பதை ஏற்றலும் ஆகும்: வைக்கோல் இட்ட பெட்டி, இருள், அமைதி. தாய் நாளுக்கு ஒருமுறை சில நிமிடமே பாலூட்டும் என்பதை அறியாது, குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்றெண்ணி அடிக்கடி தொட்டுக் கலைக்காதிருத்தல். நாய்க்குக் கொடுத்த மருந்தை எடுத்து முயலுக்குக் கொடாதிருத்தலும் இதனுட் சேரும். வாய்வழி கொடுக்கும் பெனிசிலின் முயலின் குடலைக் கெடுத்துக் கொல்லவல்லது.

எவ்வழியாயினும் ஆண் முயலை அன்றைக்கே பிரித்தல் வேண்டும். இது செலவில்லாதது போற் தோன்றினும் செலவுண்டு. முயல் தனிமையை விரும்பாத பிராணி. விதை நீக்கிய ஆணும் சில வாரங்களுக்குக் கருவூட்ட வல்லதாகையால் உடனே சேர்க்க முடியாது. ஒற்றைக் காம்பராவில் இரண்டாவது பெட்டிக்கு இடம் வேண்டும். அடுப்பங்கரை ஓரமா, கட்டிலின் கீழா, பிள்ளைகள் படிக்கும் மூலையா என்பதை அவ்வீட்டார் அன்றிரவே பேசித் தீர்க்க நேரும். குட்டிகள் பிறந்து, பால் மறந்து, அயல் லயங்களுக்குக் கொடுபடும் நாளில், ஒவ்வொன்றின் பாலையும் விடயமறிந்த ஒருவரிடம் பார்த்துக் கேட்டே கொடுத்தல் வேண்டும். வாங்கும் வீட்டில் ஏற்கெனவே முயல் உண்டா, அது ஆணா பெண்ணா என்பதையும் அப்பொழுதே விசாரித்தல் வேண்டும்.