அஞ்சியவர் அறம் உரைக்கலாமா?

சீர்திருத்தம் பேசுவோரைக் கண்டதும் வைதிக நண்பர்கள் எய்யும் கணை ஒன்று உண்டு. "ஊருக்கு உபதேசம் செய்கிறீரே, உம் வாழ்வில் நீர் வளைந்ததே இல்லையா? எவர் முன்னும் பணிந்ததே இல்லையா?" என்பர். கேள்வி கூர்மையானதுதான். ஆனால் கேட்போரின் நோக்கம் விடை பெறுவதன்று, வாயை அடைப்பது. தவறே செய்யாதவன்தான் தவறு இன்னதெனச் சொல்லலாம் என்று விதி செய்துவிட்டால், உலகில் ஒருவரும் வாய் திறக்க இயலாது. பழைமை கவலையின்றிக் கண்ணுறங்கும்!

எனினும் கேள்வியைத் தட்டிக் கழிப்பது பகுத்தறிவாகாது. அதை எடைபோட்டுப் பார்க்க ஒரு வாழ்வை எடுத்துக்கொள்கிறோம். ஜெர்மானிய நாடகாசிரியரும் இயக்குநருமான பெர்டோல்ட் பிரெக்டின் வாழ்வு அது. அச்சத்தால் உண்மையை மறுத்த அறிஞர் ஒருவரை மேடையேற்றி, அவர்மீது கடுந்தீர்ப்பு எழுதியவர் பிரெக்ட். அவரே அதிகாரத்தின் முன் வளைந்து நின்றவர் என்பதும் வரலாறு.

அந்த அறிஞர் கலிலியோ. 1633 ஜூன் 22ஆம் நாள், ரோம் நகரத்து மினர்வா மடத்தில், எழுபதை எட்டவிருந்த அந்த முதியவர் மண்டியிட்டார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தைத் தாம் வெறுத்து ஒதுக்குவதாக உறுதிமொழி படித்தார். முந்திய நாள்தான் சித்திரவதை என்ற சொல்லைக் காட்டி மிரட்டியிருந்தனர். வெறும் மிரட்டல் என்று அதைத் தள்ளிவிட முடியாது. 1600இல் அதே ரோமில் புருனோவை உயிரோடு எரித்த கூட்டம் அது. எழும்போது "ஆயினும் அது சுழல்கிறது" என்று கலிலியோ முணுமுணுத்ததாக மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். நம் தோழர்களே சொல்கிறார்கள். விசாரணை ஏடுகளில் அப்படி ஒரு சொல் இல்லை. மண்டியிட்ட மாமனிதருக்கு மானம் காக்கப் பின்னாளில் போர்த்திய போர்வை அது. புராணிகரின் கதைகளை மறுக்கும் நாம், நமக்கு இனிக்கும் கதைகளையும் மறுத்தாக வேண்டும். பிரெக்டும் தம் நாடகத்தில் அந்த முணுமுணுப்புக்கு இடம் தரவில்லை.

பிரெக்ட் 1898இல் ஆக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். தந்தை காகித ஆலையில் உயர் பொறுப்பு வகித்தவர். வறுமை அறியாத வீடு. மூனிக் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் படிக்கச் சென்றவரை 1918இல் படை மருத்துவமனைப் பணியாளாக்கியது முதல் உலகப் போர். செத்த சிப்பாயைத் தோண்டியெடுத்து, மீண்டும் போருக்குத் தகுதியானவன் எனச் சான்றளித்து அனுப்புவதாக ஓர் அங்கதப் பாட்டை அந்நாளில்தான் அவர் புனைந்தார். இருபது வயது! நாஜிகள் அதை மறக்கவே இல்லை. 1922இல் கிளைஸ்ட் பரிசு. 1928இல், குர்ட் வைல் இசையமைத்த "மூன்று காசு இசை நாடகம்" பெர்லின் முழுவதும் பேச்சாயிற்று. திருடனுக்கும் வணிகக் கனவானுக்கும் இடையே உள்ள வேலி எவ்வளவு மெல்லியது என்று காட்டிய நாடகம் அது. அதன் ஆங்கில மூலத்தை ஜெர்மனில் பெயர்த்துக் கொடுத்தவர் எலிசபெத் ஹவுப்ட்மன் என்னும் பெண்மணி. புகழ் போய்ச் சேர்ந்தது பிரெக்டிடம். இதைப் பின்னர் பார்ப்போம்.

அவர் மேடையில் செய்த புரட்சியை இங்கே சொல்லியாக வேண்டும். நாடகம் பார்ப்பவன் கண்ணீரில் கரைந்து, கதையில் மூழ்கி, அறிவை வாயிலில் விட்டுவிட்டு உட்காருவதை அவர் விரும்பவில்லை. விளக்குகளை மறைக்காமல் வைத்தார். பாதி உயரத் திரை கட்டினார். அடுத்த காட்சியில் நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதித் தொங்கவிட்டார். நடிகர் இடையில் நின்று பாடினார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையை விட்டு வெளியே வந்து கூட்டத்தோடு பேசுவதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். முடிவு தெரிந்துவிட்டால், "அடுத்து என்ன" என்ற துடிப்பு அடங்கி, "ஏன் இப்படி, வேறு வழி இல்லையா" என்ற கேள்வி எழும். பக்தனை நீதிபதியாக்கும் மேடை அது! இந்த ஒன்றுக்காகவே பிரெக்ட் நம் போற்றுதலுக்கு உரியவர்.

1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மானிய நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பிரெக்ட் நாட்டைவிட்டு வெளியேறினார். மே மாதம் அவர் நூல்கள் தெருவில் எரிந்தன. 1935இல் அவர் குடியுரிமை பறிபோயிற்று. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, பின்னர் சோவியத் நாட்டைக் கடந்து 1941இல் அமெரிக்கா. செருப்பை மாற்றுவதுபோல் நாட்டை மாற்றிய வாழ்வு.

"கலிலியோவின் வாழ்க்கை" நாடகத்தின் முதல் வடிவம் 1938இல் டென்மார்க்கில் பிறந்தது. அந்தக் கலிலியோவிடம் தந்திரம் தலைதூக்கி நின்றது. பணிவதுபோல் பணிந்து, காவலில் இருந்தபடியே நூலை எழுதி, எல்லைக்கு அப்பால் அனுப்பும் கிழவர் அவர். ஹிட்லரின் ஆட்சியில் மறைந்து வாழ்ந்து துண்டறிக்கை பரப்பியோருக்கு அன்று தேவைப்பட்ட பாடம் அதுவே. உண்மையை எழுதுவோன் அதைப் பரப்பும் சூழ்ச்சியும் அறிந்திருக்க வேண்டும் என்று பிரெக்ட் தனிக் கட்டுரையே எழுதியிருந்தார்.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அப்போது கலிபோர்னியாவில், நடிகர் சார்லஸ் லாட்டனுடன் அமர்ந்து அந்நாடகத்தை ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தார் பிரெக்ட். ஒரே நாளில் கலிலியோ வேறு மனிதராகத் தெரிந்தார். அறிவை ஆட்சியாளர் கையில் ஒப்படைத்துவிட்டு, "நான் என் ஆய்வைத்தானே செய்தேன்" என்று கைகழுவும் அறிஞர் பரம்பரைக்கு அவரே முதல்வராகத் தோன்றினார். நாடகம் திருத்தப்பட்டது. கடைசிப் பகுதியில் பழைய மாணவன் ஆந்திரேயா வருகிறான், மறைத்து வைத்த கையெழுத்துப் படியைக் கண்டு, "நீங்கள் பணிந்தது சூழ்ச்சிக்காகவா!" என்று பூரிக்கிறான். கலிலியோ அந்தப் புகழ்மாலையைக் கழற்றி எறிகிறார். திட்டம் ஏதும் இல்லை, உடல்வலிக்கு அஞ்சினேன் என்கிறார். அந்த ஒரு வேளையில் தாம் நிமிர்ந்து நின்றிருந்தால், அறிவை மக்கள் நலனுக்கன்றி வேறெதற்கும் தருவதில்லை என்று மருத்துவர் ஏற்கும் உறுதிமொழிபோல் அறிவியலாரும் ஒன்றை ஏற்றிருப்பர் என்று தம்மையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்.

1947 ஜூலையில் அந்த வடிவம் லாஸ் ஏஞ்சல்ஸில் அரங்கேறியது. மூன்றே மாதங்களில், அக்டோபர் 30ஆம் நாள், வாஷிங்டனில் பிரெக்டே கூண்டில் நின்றார்! அமெரிக்க விரோதச் செயல்களை ஆராய்வதாகச் சொல்லிக்கொண்ட நாடாளுமன்றக் குழு, "நீர் கம்யூனிஸ்டுக் கட்சியில் உறுப்பினரா?" என்று கேட்டது. அவருக்கு முன் அழைக்கப்பட்ட பத்துப் பேர், கருத்தை விசாரிக்கும் உரிமை உமக்கு இல்லை என்று மறுத்துச் சிறைக்குப் போனார்கள். பிரெக்ட் விடையளித்தார்: இல்லை. அது பொய்யன்று, அவர் உறுப்பினராக இருந்ததில்லை. ஆனால் எவரும் கேட்கக்கூடாத கேள்வி என்று பத்துப் பேர் சிறைபுகுந்து நிலைநாட்டிய ஒன்றுக்கு அவர் பணிவோடு விடை சொன்னார் என்பதே செய்தி. நல்ல சாட்சி என்று தலைவர் பாராட்டினார். மறுநாளே விமானம் ஏறி ஐரோப்பா போய்விட்டார். டிசம்பரில் நியூயார்க்கில் கலிலியோ மேடையேறியபோது அதை எழுதியவர் அங்கு இல்லை.

அவர் அயல்நாட்டார், குடியுரிமை அற்றவர், பத்துப் பேருக்கு இருந்த பாதுகாப்பு அவருக்கு இல்லை என்று வாதிடலாம். வாதிடட்டும், அதில் நியாயமும் உண்டு. அடுத்ததற்கு அவ்வளவு எளிதில் வாதம் கிடைக்காது. 1949இல் கிழக்கு பெர்லினில் மனைவி ஹெலெனே வைகலின் தலைமையில் "பெர்லினர் ஆன்சாம்பிள்" குழு எழுந்தது. அரசின் பொருளுதவி, 1954 முதல் சொந்த அரங்கம், உலகெங்கும் புகழ். இடையில் 1953 ஜூன் 17ஆம் நாள் அந்நாட்டுத் தொழிலாளரே வேலைச் சுமையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தனர். சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. கட்சித் தலைவர் உல்பிரிக்டுக்குப் பிரெக்ட் எழுதிய மடலில், மக்களோடு கலந்து பேச வேண்டும் என்ற கருத்தும் இருந்தது, கட்சிக்குத் துணை நிற்பேன் என்ற வரியும் இருந்தது. கட்சி ஏடு வெளியிட்டது அந்தத் துணை வரியை மட்டுமே. மக்கள்மீது சினம்கொண்ட அரசைக் குத்திக் கிழிக்கும் சிறு கவிதை ஒன்றை அவர் எழுதினார், பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அவர் இறந்த பின்னரே, 1959இல், மேற்கு ஜெர்மனியில் அச்சேறியது.

இனிக் கேள்விக்கு வருவோம். இப்படிப்பட்டவர் கலிலியோவுக்குத் தீர்ப்புச் சொல்லலாமா?

சொல்லலாம் என்கிறோம். நீதிபதி தன் பெயரையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னால், அந்தத் தீர்ப்பை மறுக்க நமக்கு உரிமை இல்லை. பிரெக்ட் வாழ்நாள் முழுதும் நம்பிய ஆயுதம் தந்திரம். அந்தத் தந்திரத்தைத்தான் கலிலியோ வாயிலாக அவரே உடைத்தெறிகிறார். தமக்கு வசதியாக எழுத நினைத்திருந்தால் 1938 வடிவத்தோடு நின்றிருக்கலாம். பணிந்தும் வென்றவன் என்ற மகுடம் அவர் தலைக்கும் பொருந்தியிருக்கும். அதை வேண்டாம் என்று அவரே கழற்றிவைத்தார். அது பெரிது.

ஆனால் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளாத இடங்களும் உண்டு. அங்கே நாம் அவரை விடமாட்டோம். ஹவுப்ட்மன், மார்கரெட் ஸ்டெஃபின், ரூத் பெர்லௌ ஆகிய பெண்கள் அவருக்காக எழுதினர், மொழிபெயர்த்தனர், திருத்தினர். கலிலியோ நாடகத்திலேயே உடன் உழைத்த ஸ்டெஃபின், 1941இல் பயணத்தின் நடுவே மாஸ்கோவில் காசநோயால் இறந்தார். சுரண்டலைச் சாடிய பேனாவின் பின்னால் பெண்ணின் உழைப்பு மறைந்து கிடந்தது! இந்தக் குற்றத்துக்கு அவர் நாடகம் எழுதவில்லை. கலிலியோ தம்மை நிறுத்தியதுபோல் தம்மைக் கூண்டில் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. மேதை என்பதற்காக இதை மூடி மறைத்தால், அவதார புருடர்களின் லீலைகளை மூடி மறைக்கும் பௌராணிகருக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

அந்நாடகத்தில் கலிலியோவின் பணிவைவிட நம்மை மிகுதியும் தைத்த காட்சி வேறு. இளந்துறவி ஒருவன் கலிலியோவிடம் வருகிறான். ஏழை உழவரின் மகன். கடவுளின் கண் தங்கள்மீது இருக்கிறது, உலகமே நடுவில் நிற்கிறது என்ற நம்பிக்கையில்தான் என் பெற்றோர் பசியையும் உழைப்பையும் தாங்குகிறார்கள், அதைப் பறிக்காதீர் என்று இறைஞ்சுகிறான். கயவனல்லன், கருணையுள்ளவன். அதனால்தான் அவன் வாதம் ஆபத்தானது. "பாமரன் நம்பிக்கையைக் கலைக்காதே" என்று நம்மூரில் கேட்பதும் இதே குரல்தான். கலிலியோ கேட்கிறார்: அவர்கள் பசித்திருப்பது யாருடைய களஞ்சியம் நிறைவதற்காக? அறியாமைக்கு அவர்கள் கொடுக்கும் விலையை வாங்கிக்கொள்வது யார்?

இந்த இடத்திலிருந்து பார்க்கும்போது கலிலியோவின் குற்றம் எதுவென்று விளங்குகிறது. அஞ்சியது குற்றமன்று, நெருப்பைக் கண்டு அஞ்சாத உடல் இல்லை. 1632இல் வெளியிட்ட நூலை அவர் லத்தீனில் எழுதவில்லை, மக்கள் பேசிய இத்தாலிய மொழியில் எழுதினார். குருமார் மொழிக்குள் பூட்டிக்கிடந்த வானத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிரெக்டின் நாடகத்திலும் ஒரு காட்சி முழுவதும் தெருப்பாடகர்கள் திருவிழாக் கூட்டத்தில் அவர் கொள்கையைப் பாடி ஆடுகிறார்கள். உண்மை அப்போது அவருடைய சொத்தாக மட்டும் இல்லை. மீன் விற்பவளும் கொல்லனும் கையில் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைக் கேளாமலே அதை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்டிக்குள் பூட்டிய கவிதையும் அதே வகைதான்.

பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கு இது தொலைதூரத்துக் கதையாகத் தோன்றவில்லை. கிரகணம் எப்படி நிகழ்கிறது என்று கரும்பலகையில் வட்டம் வரைந்து காட்டிவிட்டு, கிரகண வேளையில் அடுப்பணைத்து, தருப்பை போட்டு, பட்டினி கிடக்கும் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களை எந்த விசாரணை மன்றமும் அழைக்கவில்லை. எந்த மினர்வா மடமும் மிரட்டவில்லை.

கலிலியோ 1642இல் வீட்டுக்காவலிலேயே இறந்தார். அவர் கடைசி நூல் 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சேறிவிட்டது. 1632ஆம் ஆண்டு நூலோ 1835 வரை திருச்சபையின் தடைப்பட்டியலை விட்டு நீங்கவில்லை. 1992இல்தான் போப்பாண்டவர் தவறு நேர்ந்ததை ஒப்புக்கொண்டார்.

பிரெக்ட் 1955 இறுதியில் கலிலியோவை மீண்டும் கையில் எடுத்தார். தம் பெர்லின் அரங்கில் சில மாதம் ஒத்திகை நடத்தினார். உடல் இடந்தரவில்லை. 1956 ஆகஸ்ட் 14ஆம் நாள் மறைந்தார். வீட்டை அடுத்திருந்த கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் நடந்தது. எரிக் எங்கல் ஒத்திகையை முடித்துக் கொடுக்க, 1957 ஜனவரியில் நாடகம் அரங்கேறியது. 1953இல் தெருவுக்கு வந்த அதே நகரத்து மக்கள் முன்னால், மண்டியிட்ட முதியவர் எழுந்து தம்மீதே குற்றம் சாட்டிக்கொண்டார்.