முதலில் உணவு, பின்னர் தம்மம்



பகவான் புத்தர் ஆளவி நகருக்கு எழுந்தருளியபோது, காணாமற்போன எருதைத் தேடியலைந்த ஓர் ஏழை உழவன் பசியோடு சபைக்கு வந்து சேர்ந்தான். பகவான் அவனுக்கு முதலில் அன்னமிடச் செய்து, அவன் உண்டு தெளிந்த பின்னரே அறவுரை தொடங்கினார் எனத் தம்மபத உரை கூறுகிறது. உடலை மறந்து உள்ளத்தைத் திருத்த முடியாதென்பதை அவர் அறிந்திருந்தார்.

இதனோடு ஒத்த செய்தியொன்றை இக்கால விஞ்ஞானமும் கூறுகிறது. நம் உடலில் செரோட்டோனின் என்னும் இரசாயனப் பொருள் உண்டு. 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இரத்தத்தினின்று பிரித்தெடுக்கப்பட்ட இது, மூளையிலும் உள்ளதென 1953-இல் வெளியாயிற்று. டிரிப்டோபன் என்னும் மூலப்பொருளிலிருந்து உடல் இதனை ஆக்குகிறது. அம்மூலப்பொருளோ உடலில் தானே விளைவதன்று; பருப்பு, பால், முட்டை, மீன் முதலிய உணவின் வாயிலாகவே வரவேண்டும்.

2008-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒரு சோதனையை வெளியிட்டனர். டிரிப்டோபன் நீக்கிய பானத்தைச் சிலருக்குத் தந்து, அவர்கள் மூளையில் செரோட்டோனினைத் தற்காலிகமாகக் குறைத்தனர். பின்னர் ஒரு பங்கீடு. ஒருவர் பணத்தைப் பிரித்து, "உமக்கு இவ்வளவு" என்பார். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பங்குண்டு. மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. செரோட்டோனின் குறைந்த நிலையில், தமக்கும் நட்டமென்று அறிந்தும், அநியாயப் பங்கை அவர்கள் அதிகமாக மறுத்தனர். ஆனால் எது நியாயம், எது அநியாயம் என்னும் மதிப்பீடு மட்டும் மாறவில்லை. நாம் ஊன்றி நோக்கத்தக்கது இதுவே.

அநீதியை அநீதியென்று அறிவது வேறு. அதனால் பற்றியெரிவது வேறு. பன்னிரு நிதானங்களைக் கூறும் மணிமேகலை, ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என நிரல்பட வைக்கிறது. ஒருவன் கூலியைக் குறைத்து வீசுகிறான், அது ஊறு. நெஞ்சு சுடுகிறது, அது நுகர்வு. அவனை வீழ்த்த வேண்டுமென்று எழுவது வேட்கை. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையேயுள்ள சிறு வெளியில்தான் நம் வாழ்வு தீர்மானமாகிறது. உடல்நிலை அவ்வெளியைக் குறுக்கவும் கூடும்.

அங்ஙனமாயின், "குற்றம் என்னுடையதன்று, இரசாயனத்தினுடையது" என்று நாம் தப்பலாமோ? ஆகாது. இரசாயனம் காரணங்களுள் ஒன்றேயன்றி முழுக் காரணமன்று. குறைந்த நிலையிலும் ஏற்றவர் உண்டு. குறையாத நிலையிலும் மறுத்தவர் உண்டு. சேதனையை வினையெனக் கொள்வது நம் தம்மம்.

இழிவைப் பொறுத்துக் கிடவுங்கள் என்றும் நாம் கூறோம். மறுக்க வேண்டியதை மறுத்தேயாக வேண்டும். நம்மை இம்மார்க்கத்துக்குக் கொணர்ந்ததே ஒரு மாபெரும் மறுப்பன்றோ? 1935-இல் யேவலாவில் தாம் இந்துவாக இறக்கப் போவதில்லையென அறிவித்த பாபாசாகேப் அம்பேத்கர், 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தம்மம் ஏற்றார். இடையே 21 ஆண்டுகள்! ஊறு கொடிது, நுகர்வு கடுமை, ஆயினும் முடிவு ஆராய்ந்த முடிவாயிற்று.

ஆகவே, சினம் மூளும்போது சற்றே நின்று மூச்சை நோக்குவோம். பசித்த வயிற்றோடு வழக்கைத் தீர்க்க முனையாதிருப்போம். அயலான் கடிந்து பேசினால், விடை கூறுமுன் "உண்டீரா?" என்று கேட்போம். ஆளவியில் பகவான் செய்தது அதுவே.

சாது! சாது! சாது!