மரக்கிண்ணமும் செவியின் தீர்ப்பும்

செய்தவன் கையிலிருந்து வந்த பொருளை உள்ளவாறே ஏற்பதா, நம் விருப்பத்திற்கேற்பத் திருத்திக்கொள்வதா என்பது பழைய வினா. திருத்திய பின்னர், 'முன்னினும் இது சிறந்தது' என்று நாமே கூறும் தீர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அதனினும் கடினமான வினா. இவ்விரண்டும் ஒருங்கே எழுவதற்கு இன்று ஒரு சிறு கருவி இடந்தருகின்றது. அது ஹெட்போன்.

பெருநகர அடுக்கு வீடுகளில் வாழும் நமக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. பக்கத்துச் சுவருக்கு அப்பால் உறங்குவோர்க்கு இடையூறின்றி, நள்ளிரவிலும் ஒரு தோடி ஆலாபனையை முழுமையாகக் கேட்க உதவுவது அது. அதில் ஆழ்ந்த ஆர்வங்கொண்டோர் சிலர், கடையில் வாங்கிய ஹெட்போனின் பிளாஸ்டிக் கிண்ணங்களை நீக்கிவிட்டு, மகோகனி, வால்நட், கருங்காலி முதலிய மரங்களில் கடைசல் செய்த கிண்ணங்களைப் பொருத்திக்கொள்கின்றனர்.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஜோசப் கிராடோ 1953இல் தொடங்கிய கிராடோ நிறுவனத்தின் ஹெட்போன்கள் இம்மாற்றத்திற்குப் பெரிதும் இலக்காகின்றன. காரணம் வெளிப்படை. அந்நிறுவனத்தின் எஸ்ஆர்60 என்னும் எளிய வகைக்குக் கிண்ணம் பிளாஸ்டிக்; ஆர்எஸ்1 என்னும் உயர்வகைக்கோ மகோகனி; விலை பல மடங்கு. 'இடையே உள்ள வேறுபாடு மரந்தானே? அதை நாமே சேர்த்துக்கொண்டால் என்ன?' என்று எண்ணுவது இயல்பு. பசையை வெப்பத்தால் இளக்கி, ஒலியெழுப்பும் சவ்வு அமைந்த பகுதியை வெளியே எடுத்து, மரக்கிண்ணத்துள் இருத்துகின்றனர். துணிவும் கைத்திறனும் வேண்டும் வேலை அது. மெல்லிய கம்பி ஒன்று அறுந்தால் கருவி ஊமையாகிவிடும்.

இங்கே இசைக்கருவியின் நினைவு நம்மை வழிமாற்றுகின்றது. தஞ்சாவூர் வீணையின் குடம் பலாமரத்தில் குடையப்படுவது. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மரத்துள் இறங்க, மரமே பாடுகின்றது. ஆகவே மரம் என்றாலே இனிமை என்னும் எண்ணம் நம் செவியில் ஊறியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஹெட்போனின் தொழில் வேறு. பாடுவதற்கு அன்று, பாடியதைக் கொண்டுசேர்ப்பதற்கே அது பிறந்தது. வீணையின் மரத்துக்குக் குரல் இருத்தல் சிறப்பு. ஹெட்போனின் மரத்துக்கும் தனிக்குரல் உண்டெனில், பதிவிலுள்ள எல்லா வீணைக்கும், எல்லாப் பாடகர்க்கும் அது ஒரே சாயத்தை ஏற்றிவிடுமன்றோ? தூதுவன் இனிமையாகப் பேசலாம். சொல்லியனுப்பாததையும் சேர்த்துப் பேசலாமா?

மரம் உண்மையில் என்ன செய்கின்றது என்பதைச் சற்று நோக்குவோம். சவ்வு முன்னும் பின்னும் அசைகின்றது. முன்புறம் எழும் ஒலி செவிக்கு வருகின்றது; பின்புறம் எழுவது கிண்ணத்துள் செல்கின்றது. பின்புறம் மூடிய கருவியாயின், அது சுவரில் பட்டுத் திரும்பிச் சவ்வைத் தாக்கும். எனவே கிண்ணத்தின் ஆழம், வடிவம், உள்ளே இடும் பஞ்சு ஆகியவை அங்கே பெரிதும் பேசும். கிராடோவைப் போலப் பின்புறம் திறந்த கருவியில், அவ்வொலியின் பெரும்பகுதி வெளியே போய்விடுகின்றது. காதுமெத்தையோ இருவகையிலும் வலிமை மிக்கது. செவிக்கும் சவ்வுக்கும் உள்ள தொலைவை அது சில மில்லிமீட்டர் மாற்றினாலும் ஒலியின் நிறம் மாறும். கிண்ணத்தை மாற்றுவோர் பெரும்பாலும் மெத்தையையும் உடன் மாற்றுகின்றனர். பின்னர்க் கிடைத்த இனிமைக்கெல்லாம் மரத்துக்கே மாலை சூட்டுகின்றனர்!

மரத்தை நாம் பழிப்பதாகக் கொள்ள வேண்டா. 1989இல் சோனி நிறுவனம் வெளியிட்ட எம்டிஆர்-ஆர்10 என்னும் ஹெட்போனின் கிண்ணங்கள் ஜப்பானிய செல்கோவா மரத்தில் குடையப்பட்டவை. அதன் புகழ் இன்றும் மங்கவில்லை. ஆனால் அங்கே சவ்வும் கிண்ணத்தின் உள்வடிவும் ஒன்றையொன்று கருதி வடிக்கப்பட்டன. மரம் பின்னர் வந்து சேர்ந்த விருந்தாளி அன்று.

இனி, ஒப்பிடுவோன் நிலை. மூலக் கருவி ஒரு கையிலும் திருத்திய கருவி மறு கையிலும் இருக்க, அவன் நடுவனாக அமர்கின்றான். அந்நடுவனுக்குச் செவி மட்டுமா இருக்கின்றது? தலையில் ஏறும் எடை, விரலில் படும் மரத்தின் வழவழப்பு, கண்ணில் நிறையும் வரிகள், கொடுத்த பணம், பட்டறையில் கழித்த இரவுகள் எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகின்றன. ஒன்று மற்றொன்றினும் மிகச் சிறிதளவே உரத்து ஒலித்தாலும், அதை உரப்பென உணராமல் தெளிவென்றே செவி கொள்ளும். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டாலும் தலையும் காதும் கருவியை அடையாளம் கண்டுவிடும். இதனாலேயே அமெரிக்காவின் ஹார்மன் நிறுவன ஆய்வாளர் ஷான் ஆலிவும் அவர் தோழர்களும், பல ஹெட்போன்களின் ஒலித்தன்மையை ஒரே ஹெட்போன் வழியாகப் போலச்செய்து கேட்பிக்கும் முறையை 2013இல் விளக்கினர். எடையும் தொடுகையும் மாறாதிருக்க, ஒலி ஒன்றே மாறும். வீட்டில் அமர்ந்து ஒப்பிடுவோர்க்கு அவ்வசதி ஏது?

'எனக்கு இது பிடித்திருக்கின்றது' என்பது ஒரு கூற்று. 'இது உண்மைக்கு அண்மையது' என்பது வேறு கூற்று. முன்னதற்குச் சான்று வேண்டுவதில்லை. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்த பொருளைத் தன் கைபட்டுத் தனதாக்கிக்கொள்வது மதிக்கத்தக்க இன்பமே. பின்னதற்குச் சான்று வேண்டும். ஏனெனில் அதைக் கேட்டு முதற்சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து வைக்கும் இளைஞன் ஒருவன் எங்கோ இருக்கின்றான். அவனிடம் நாம் சொல்வது நம் மகிழ்ச்சியையா, கருவியின் குணத்தையா? நம் நோக்கில், இங்கே நிகழும் பிழை பெரும்பாலும் பேராசையால் வருவதன்று, நாணத்தால் வருவது. அழகுக்காகச் செய்தேன் என்று சொல்லக் கூசி, செம்மைக்காகச் செய்ததாகச் சொல்லிவிடுகின்றோம். சொன்னபின் அதை நாமே நம்பியும் விடுகின்றோம்.

கழற்றிய பிளாஸ்டிக் கிண்ணங்களை எறிந்துவிடாமல் பெட்டியில் வைத்திருப்போர் சிலர் உண்டு. ஆறு திங்கள் கழித்து, புதுமையின் மயக்கம் தணிந்த பின்னர், மெத்தையை மாற்றாமல், உரப்பைச் சமன்செய்து, பழையதையே மீண்டும் பொருத்திக் கேட்கின்றனர். பலர்க்கு அப்பொறுமை இருப்பதில்லை. இளக்கிய பசையை இன்னொரு முறை இளக்க அஞ்சுவோரும் உளர்.