வெடியை வெடியால் விரட்டுதல்

சாம்பல்தீவுச் சந்தியில் காலையில் எஞ்சின் சத்தம் ஓய்வதில்லை. நிலாவெளிக்குப் போகிற வான், வயலுக்குப் போகிற லாண்ட்மாஸ்டர், சல்லிக் கரையிலிருந்து புறப்படும் படகு. வித்தை ஒன்றுதான். மூடிய உருளைக்குள் ஒரு சிறு வெடி பிஸ்டனைத் தள்ளும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அப்படி வெடிக்கும். இதற்கு யாரும் பயப்படுவதில்லை. போர்க்காலத்தில் அரசு மட்டும் பயந்து, மீனவரின் படகு எஞ்சினுக்குக் குதிரைவலு வரம்பு வைத்தது.

அந்த வெடி இப்போது ரோபோவின் காலுக்கும் வந்துவிட்டது. கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2023இல் 'சயன்ஸ்' இதழில் காட்டிய பூச்சியளவு இயந்திரத்தின் எடை 1.6 கிராம். மீதேனையும் ஒட்சிசனையும் எரித்து அரை மீற்றருக்கு மேல் துள்ளுகிறது. தன் எடையைப்போல் 22 மடங்கு சுமக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இந்த மாவட்டத்து ஆளுக்கு கிராம்கணக்கு என்றதும் வேறொன்றுதான் நினைவுக்கு வரும். பி-4 ரக மிதிவெடிக்குள் இருப்பது ஏறக்குறைய 30 கிராம் வெடிமருந்து. பிளாஸ்டிக் உடல், உள்ளங்கைக்குள் அடங்கும், உலோகம் மிகச் சொற்பம். இராணுவமும் புதைத்தது, புலிகளும் புதைத்தார்கள். எஞ்சின் போல அதற்குத் தினமும் வேலை கிடையாது, ஒரே தடவைதான்.

புதைத்த வெடியை அகற்றவும் எஞ்சினே வந்தது. ஆபிரகாம் டு டொய்ட் என்ற தென்னாபிரிக்கரின் யோசனையில் பிறந்த 'ஸ்கோர்பியன்' 1942 ஒக்டோபரில் எல் அலமைன் போர்க்களத்தில் இறங்கியது. தாங்கிக்கு முன்னால் சுழலும் உருளை, அதில் தொங்கும் சங்கிலிகள் நிலத்தை விளாசும். உருளையைச் சுழற்றவென்றே பக்கத்தில் ஒரு போர்ட் வி-8 எஞ்சின். கிளம்பிய புழுதியில் அந்த எஞ்சினே மூச்சுத் திணறியது. அதன் வாரிசுதான், தூரத்தில் நின்று ரிமோட்டால் இயக்கும் ஸ்லோவாக்கியாவின் பொசேனா. நம் இராணுவமும் அதைப் பாவித்தது.

இயந்திரத்தைக் குறை சொல்ல வரவில்லை. பற்றையை வெட்டித் தள்ளவும் நிலத்தைக் கிளறவும் அது பெரிய உதவி. ஆனால் அது போருக்குப் பிறந்த பிள்ளை. போருக்கு ஒரு பாதை திறந்தால் போதும், தாங்கி கடந்துவிடும். மிஞ்சியதை யாரும் எண்ணுவதில்லை. பிள்ளை ஆடு கட்டப் போகிற காணியில் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. சங்கிலி சில வெடிகளை உடைத்துவிட்டு மருந்தை மண்ணிலேயே விட்டுவிடும். சிலவற்றைத் தொடாமலே போகும். ஆகவே மெசின் போன இடத்துக்கும் பின்னால் ஆள் போகவேண்டும்.

அந்த ஆளின் கையில் இருப்பது விறாண்டி. ஆம், முற்றம் கூட்டும் விறாண்டியின் உறவுதான். இலங்கையின் இளகிய மண்ணில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் முறைப்படுத்திய வழி இது: ஆபத்தில்லாத பக்கத்தில் சிறு பள்ளம் வெட்டி, அங்கிருந்து கனத்த விறாண்டியால் மண்ணை இளக்கி, மெல்லிய விறாண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுப்பார்கள். பல் வெடியின் பக்கவாட்டில் படவேண்டும். அழுத்தினால் வெடிப்பது அதன் தலை. முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்கக் கவசத்தைக் கழற்ற முடியாது. இந்த வேலையில் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு.

ஒரு துள்ளல் ரோபோவுக்கு உலகம் கை தட்டுகிறது. விறாண்டிக்கு விஞ்ஞான இதழில் அட்டைப்படம் கிடைக்காது. அது பரவாயில்லை, சம்பளம் கிடைத்தால் சரி. அதுவும் உறுதியில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது கண்ணிவெடி அகற்றலும் அதற்குள் அகப்பட்டது. எந்த எஞ்சினும் பழுதாகவில்லை, எந்த விறாண்டியும் முறியவில்லை. ஒரு கடிதம் போதுமாயிருந்தது.

இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி நாட்டின் நிலம் முழுவதையும் துப்புரவாக்கக் கிடைத்த தவணை 2028 ஜூன் 1. வெடியைப் புதைக்க ஒரு நாளும் காசு தட்டுப்படவில்லை. அதைக் கிளறியெடுக்கும் செலவுக்கு இந்த நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிரந்தரமாக ஓர் இடம் கேட்பது நியாயமான கோரிக்கை.