உத்தியோகமும் ஊசி நூலும்

மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், அதனை விட்டுவிட்டுச் சிறியதொரு தையற்கடை வைக்க விரும்புகிறார். அது தகுமா, தகாதா? கடையடைத்துவிட்டுத் தேநீர் அருந்தும் வேளையிலும், கலியாண வீட்டுப் பந்தியிலும் நம்மிடையே அடிக்கடி எழுகின்ற கேள்வி இது. கேட்டவுடனே இரண்டு விடைகள் தயாராக வந்து நிற்கும். "அரைக் காசானாலும் நிலையான வருமானம் வேண்டும், ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பர் ஒரு சாரார். "பிறரிடம் கைகட்டி நிற்பதைவிடச் சொந்தமாய் நாலு முழம் துணி தைத்துப் பிழைப்பது மேல்" என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வியை இரு சாராருமே கேட்கவில்லை என்பது நமது கருத்து.

முதலில், சம்பளம் என்பது அடிமைத்தனம் என்னும் பேச்சை நாம் விட்டொழிக்க வேண்டும். நம்மவருள் பெரும்பாலோரின் பாட்டனாரும் தந்தையாரும் இந்நாட்டுக்கு வந்தபோது முதலாளிகளாக வந்து இறங்கவில்லை. கடைச் சிப்பந்தியாக, கணக்கப்பிள்ளையாக, மூட்டை சுமப்பவராகவே பலர் வந்தனர். கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூர் வந்தோரில் பலர் ஊரிலே சொந்தத் தறியில் நெய்துகொண்டிருந்த குடும்பத்தினர். இங்கே கூலி வேலை செய்தே தம் மக்களைப் படிக்க வைத்தனர். தறியை விட்டுக் கூலிக்குப் போனதனால் அவர்கள் மானம் குறைந்துவிட்டதா? இல்லை. உழைத்து வாங்கும் ஊதியம் எதுவானாலும் அது மதிப்புக்குரியதே.

சொந்தத் தொழில் வைத்தவனுக்கு எசமானன் இல்லை என்பதும் பாதி உண்மைதான். உத்தியோகத்திலே அவனுக்கு ஒரே முதலாளி. தையற்கடையிலோ அளவு கொடுத்துச் செல்லும் ஒவ்வொருவரும் முதலாளியே. கழுத்து இறக்கம் என்பார் ஒருவர். கை நீளம் என்பார் ஒருவர். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, "நாளைக் காலை வேண்டும்" என்பார் இன்னொருவர். ஆகவே, விடுதலை வேண்டிச் செல்பவன் எத்தகைய விடுதலையைத் தேடிச் செல்கிறான் என்பதைத் தெரிந்துகொண்டு செல்லல் நன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கில்லாத நீதிமொழி செரிப்பதில்லை அன்றோ? மலேசியாவில் மாதம் 2,800 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பெறுவது 2,800 மட்டுமன்று. ஐயாயிரம் வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்திற்கு முதலாளி ஊழியர் சேமநிதியில் நூற்றுக்கு 13 வீதம் கட்டுகிறார். அது 364 வெள்ளி. ஆக, அவர் உதறிவிட்டுப் போவது 3,164 வெள்ளி. சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் நோய் விடுப்பும் இதில் சேரவில்லை. இனித் தையற்கடையைப் பாருங்கள். ஒரு ஜோடி பாஜூ குரோங்குக்குத் தையற்கூலி 70 வெள்ளி என்றும், நூல், ஸிப், மின்சாரம் போக 60 வெள்ளி மிஞ்சும் என்றும் வைத்துக்கொள்வோம். சிறியதோர் இடத்துக்கு வாடகை 600 வெள்ளி. பழைய வருமானத்தை எட்ட வேண்டுமானால் மாதத்துக்கு 63 ஜோடி தைத்தாக வேண்டும். ஓய்வு நாள் போக 26 நாள் வேலை என்றால், ஒரு நாள் தவறாமல் இரண்டரை ஜோடி. அளவெடுப்பதும், வெட்டுவதும், ஓரம் அடிப்பதும், பொத்தான் தைப்பதும், இஸ்திரி போடுவதும், வந்தவரிடம் முகம் கோணாமல் பேசுவதும் அந்த ஒரே ஆளின் வேலை. கைகள் ஓடினாலும், நாள்தோறும் இரண்டரை ஜோடிக்கு ஆள் வருமா என்பது வேறு கேள்வி. பெருநாளுக்கு முந்திய இரண்டு மாதத்தில் துணி மலைபோல் குவியும். பெருநாள் கழிந்ததும் யந்திரத்தின்மேல் தூசி படியும்.

இவ்வளவும் கூறியது யாரையும் அச்சுறுத்துவதற்கன்று. இந்தக் கணக்கை நன்றாய் அறிந்துகொண்டே தொழிலில் இறங்கி வெற்றி கண்டோர் உண்டு. ஆனால் கணக்குப் பார்த்தவுடன் ஓர் உண்மை நம் கண்முன் நிற்கின்றது. முதல் ஓராண்டு, ஈராண்டில் வருமானம் குறையும். குறைகின்ற அந்தத் தொகை யாருடைய தட்டிலிருந்து குறையப்போகிறது? கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

தொழில் தொடங்குகிறவன் தன் உறக்கத்தையும், தன் சேமிப்பையும், தன் வசதியையும் பணயம் வைக்கலாம். அது அவனுடைய உரிமை, அதற்குப் பெயர் துணிவு. ஆனால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும், தாயின் மருந்துச் செலவையும், மனைவியின் நகையையும் அவர்களைக் கேளாமலே பணயம் வைப்பானாகில் அதற்குத் துணிவு என்று பெயரில்லை. பிறர் பங்கை வைத்து ஆடுவது சூதாகும். ஒரே செயல், ஒரே கடை, ஒரே யந்திரம். ஆயினும் யாருடைய பங்கு பணயமாகிறது என்பதைப் பொறுத்து ஒன்று வீரமாகவும் மற்றொன்று அநியாயமாகவும் ஆகிவிடுகின்றது.

சட்டமும் இவ்விடத்தில் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. ஒருவர் தனி உரிமையாளராகத் தொழிலைப் பதிவு செய்தால், 1956-ம் ஆண்டு வியாபாரப் பதிவுச் சட்டப்படி தொடங்கிய முப்பது நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். அத்துடன் கடையின் கடன் வேறு, அவர் கடன் வேறு என்று பிரித்துச் சொல்ல இயலாது. கடை பட்ட கடனுக்கு அவருடைய சொந்தப் பொருளும் பதில் சொல்லியாக வேண்டும். அப்பொருளை நம்பி வாழ்கின்ற வீட்டாருக்கு அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா?

ஆகவே, வீட்டாரின் சம்மதம் என்பது மரியாதைக்காகக் கேட்பதன்று. அது அவர்களுக்குரிய நியாயம். "தொடங்கப் போகிறேன்" என்று அறிவிப்பது சம்மதம் கேட்டல் ஆகாது. இன்ன தொகை கையில் இருக்கிறது, இத்தனை மாதம் அரிசி பருப்புக்குப் போதும், இன்ன தேதிக்குள் இவ்வளவு வருமானம் வராவிட்டால் மறுபடியும் வேலைக்குப் போய்விடுவேன் என்று கணக்கையும் கெடுவையும் முன்வைத்துக் கேட்பதே கேட்டல். கெடு இல்லாத முயற்சியில், தோல்வியைத் தோல்வி என்று ஒப்புக்கொள்ளும் நாள் வருவதேயில்லை. கடன் மட்டும் வளரும். 1850-களிலேயே அமெரிக்க சிங்கர் கம்பெனியார் தையல் யந்திரத்தைத் தவணைக்கு விற்கத் தொடங்கினர். ஏழைக் குடும்பங்கள் யந்திரத்துக்கு உடைமையாளராக அது வழி திறந்தது உண்மை. ஆயினும் தவணைக்காரர் வாசலில் நிற்கும்வரை, ஓர் எசமானனை அனுப்பிவிட்டு இன்னொருவரை அழைத்து வந்ததாகத்தானே ஆகும்?

இயன்றவர்கள் மாலை வேளையிலும் ஓய்வு நாளிலும் வீட்டிலே தைத்துப் பார்த்து, வாடிக்கை சேர்ந்த பின் வேலையை விடுவது நலம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளிலும், வெளியாரை வேலைக்கு வைக்காமல் வீட்டார் தாமே செய்யும் சிறு தையல் தொழிலுக்கு இடமுண்டு. நம் பெண்மணிகள் பலர் இவ்வழியில்தான் அடக்கமாகத் தொடங்கி நிலைபெற்றிருக்கின்றனர். ஆனால் ஒரு நிபந்தனை: முதலாளி சம்பளம் கொடுக்கும் நேரத்தில் நம் வாடிக்கைக்காரருக்குத் துணி வெட்டலாகாது, அவருடைய நூற்கண்டு நம் பைக்குள் வரலாகாது.

விட்டுச் செல்கின்ற இடத்துக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். மேற்கு மலேசியாவில் 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையெனில், ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரமும், ஐந்தாண்டுக்குக் குறைவானவர் 6 வாரமும், அதற்கு மேற்பட்டவர் 8 வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் போவது சட்டத்துக்கும் விரோதம், மனிதத் தன்மைக்கும் விரோதம். போட்டியாகக் கடை வைக்கலாகாது என்று பழைய முதலாளி எழுதி வாங்கியிருந்தாலும், 1950-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவு அத்தகைய தடையைப் பெரும்பாலும் செல்லாததாக்கிவிடுகிறது. ஆனால் சட்டம் திறந்துவைத்த கதவு வழியே முதலாளியின் வாடிக்கைப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பொருளன்று. கையிலுள்ள தொழில் நம்முடையது; அந்த அளவுப் புத்தகம் அமானிதம்.

வாடிக்கைக்காரருக்குரிய கடமை ஒரே சொல்லில் அடங்கும்: தேதி. தையற்காரனின் முதல் யந்திரமன்று, அவன் சொல்லும் தேதிதான். பெருநாள் காலையில் பிள்ளைக்குப் புத்தாடை இல்லாமற் போனால், கூலியைத் திருப்பிக் கொடுத்து அந்தக் காலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால்தான் விஷயம் அறிந்த தையற்காரர்கள் நோன்பு பிறக்கும் முன்னரே "இனித் துணி வாங்குவதில்லை" என்று எழுதித் தொங்கவிடுகின்றனர். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு வேண்டிய மனவலிமை, வேலையை விடுவதற்கு வேண்டிய துணிவைவிடப் பெரிது.

தொழில் வளர்ந்து ஓர் உதவியாளரை அமர்த்தும் நாளில், நேற்றுச் சம்பளம் வாங்கியவர் இன்று சம்பளம் கொடுப்பவராகிறார். 2025 ஆகஸ்டு முதல் மலேசியாவில் ஒரே ஓர் ஊழியரை வைத்திருப்பவரும் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறைவாகக் கொடுக்கலாகாது. சேமநிதியும் கட்ட வேண்டும். தாம் தொழிலாளியாக இருந்தபோது எதை நியாயம் என்று கேட்டாரோ, அதை இப்போது கொடுக்கிறாரா என்பதிலே அவர் யாரென்பது தெரிந்துவிடும்.

இதுவரை விட்டுச் செல்பவரின் கடமையைச் சொன்னோம். முதலாளிகளாகிய நம் கடமை என்ன? நம் கடையில் பத்தாண்டு இருந்த பையன் ஒருநாள் வந்து, "முதலாளி, தனியாகத் தொழில் செய்யலாம் என்றிருக்கிறேன்" என்று தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, நம் வாயில் முதலில் வருகிற சொல் என்ன? "நன்றி கெட்டவன்" என்றா? அப்படியானால் நம் பாட்டனாரும் அந்தப் பட்டத்துக்கு உரியவரே. அவரும் ஒருநாள் ஒரு முதலாளி முன் அவ்வாறே நின்றுதான் நமக்கு இந்தக் கடையை விட்டுச் சென்றார். அந்தப் பையனுக்கு இரண்டு மூட்டைத் துணியைக் கடனாகக் கொடுத்து, "விற்றுவிட்டுக் கொடு" என்று சொல்ல நம்மால் முடியும். நம்மிடம் துணி எடுக்கும் பத்துப் பேரை அவரிடம் தைக்க அனுப்பவும் முடியும். இதற்குச் செலவு அதிகமில்லை, மனம்தான் வேண்டும்.

இன்னும் ஒன்று உண்டு. அது இதனினும் கடினம். ஓராண்டு கழித்து அதே பையன் கடையை மூடிவிட்டு வேலை கேட்டு வந்தால், ஊரறியக் குத்திக்காட்டாமல் இடம் கொடுப்போமா? திரும்பி வருகிறவனுக்கு ஏளனம் காத்திருக்கிறது என்று தெரிந்தால், சொன்ன கெடு கடந்த பின்னும் எவனும் திரும்ப மாட்டான்; வட்டிக்கு வாங்கியாவது கடையைத் திறந்து வைத்திருப்பான். அப்பொழுது பணயமாவது அவன் வீட்டாரின் சோறு. அந்தச் சூதாட்டத்தில் அவனை உட்கார வைத்தவர்களுள் நாமும் ஒருவராகிவிடுவோம்.

ஆதலின், வேலையை விடலாமா என்று நம்மிடம் வந்து கேட்பவரிடம், விடு என்றோ விடாதே என்றோ சொல்லிவிட வேண்டாம். "யாருடைய பங்கை வைத்துத் தொடங்குகிறாய்? அவர்களைக் கேட்டாயா? எந்தத் தேதி வரை?" என்று கேட்போம். மூன்றுக்கும் நேரான பதில் வருமானால், அளவு நாடாவை வாழ்த்தி அவர் கையில் கொடுப்போம். முதல் சட்டையை நாமே தைக்கக் கொடுப்போம், கூலியையும் முன்னதாகவே கொடுத்துவிடுவோம்.